சிவப்புப் புள்ளி வைத்த போத்தல்கள்

அன்புள்ள தம்பி,

நான் எப்படி இருக்கிறேன் என்பதை இந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் கை தன் பழக்கத்துக்கு "நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே" என்று எழுதிவிட்டுப் போய்விடும். போனில் பேசக்கூடியதைக் கடிதத்தில் எழுதுகிறாளே, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பதறாதே. போனில் மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். முதல் தடவை நீ லேபுக்குள் போய்க்கொண்டிருந்தாய். இரண்டாவது தடவை உன் புரொபசர் கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது தடவை உனக்கு நேரம் இருந்தது, "சொல்லும்மா" என்று பொறுமையாகத்தான் கேட்டாய். எனக்குத்தான் வாய் வரவில்லை. மழை பலமாகப் பெய்கிறது, காது கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு நம் ஊர் லாபுவில் ஒரு சொட்டு மழை இல்லை. அடுத்த மாதம் நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாய். அதற்கு முன்பே, இந்த மாதக் கடைசியில், நம் குளத்துப் பாக்டீரியாவைப் பற்றிய உன் கட்டுரை போகிறது. அது போவதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும். நாளைக் காலையில் எப்படியாவது நீலாய் டவுனுக்குப் பஸ் ஏறி, அவசரத் தபாலில் போட்டுவிடுவேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் உனக்கு அனுப்பிய மூன்று போத்தல்களிலும் இருந்தது ஒரே இடத்துச் சேறு. செம்பனை எண்ணெய் மில்லின் கழிவுநீர் போய்ச் சேரும் குளங்களில் இரண்டாம் குளத்தில், ஒரே முகவையால் அள்ளி, கரையில் உட்கார்ந்து மூன்றிலும் ஊற்றினேன். ஒன்றில் 'இரண்டாம் குளம்' என்று எழுதினேன். அது உண்மை. இன்னொன்றில் 'கடைசிக் குளம்' என்றும் மூன்றாவதில் 'பழைய ரப்பர் கொட்டகை ஓடை' என்றும் எழுதினேன். அந்த இரண்டு இடத்துக்கும் நான் போகவே இல்லை. அந்த லேபிள்களில் இருக்கும் நேரமும், தண்ணீரின் சூடும் நானாகப் போட்டவை. இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். கோபம் தணிந்த பிறகு மீதியைப் படி, தாளைக் கசக்கிப் போட்டுவிடாதே.

மில் லேபில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவள் இப்படிச் செய்யலாமா என்று கேட்பாய். அங்கே படித்துக்கொண்டதுதான், தம்பி. எங்கள் வேலை உனக்குத் தெரியும். சின்ன வயதில் என் சட்டையை மோந்து பார்த்து, "எண்ணெ வாடைம்மா" என்று மூக்கைப் பிடித்துக்கொள்வாய். மணிக்கு ஒரு தடவை ஆலைக்குள் போய் செம்பனை எண்ணெய் ஒரு போத்தல், கழிவுநீர் ஒரு போத்தல் பிடித்து வர வேண்டும். எண்ணெயில் புளிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, புத்தகத்தில் எழுத வேண்டும். கேட்க லேசாக இருக்கும். ஆனால் இயந்திரம் நின்றுவிட்டால், ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி கூப்பிட்டுவிட்டால், வயிற்றைக் கலக்கிவிட்டால் ஒரு மணி தவறிப்போகும். தவறிய மணியை யாரும் காலியாக விடமாட்டோம். அடுத்த மணிக்குப் பிடித்த போத்தலை இரண்டாக ஊற்றி, ஒன்றில் பத்து மணி, ஒன்றில் பதினொரு மணி என்று எழுதிவிடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, லேபில் எனக்கு மூத்தவளான லில்லியக்கா, "என்னா பொண்ணு முழிக்கிற? ரெண்டாக்கிப் போடு லா. ஒரு மணி நேரத்துல எண்ணெ என்னா பாலாவா மாறிடப் போவுது?" என்றாள். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. காலி இடத்தைப் பார்த்தால் இன்ஜினியர் கத்துவார், நிரம்பிய பக்கத்தைப் பார்த்தால் கையெழுத்துப் போடுவார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த விஞ்ஞானம்.

எனக்கு மட்டும் மனசு கேட்காது. அதனால் இரண்டாக்கிய போத்தலின் லேபிளில், வலது பக்கக் கீழ் மூலையில், சிவப்புப் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைப்பேன். இது நான் பிடிக்காத மணி என்று எனக்காவது தெரியட்டும் என்று ஒரு சமாதானம். வேறு யாருக்கும் அது தெரியாது. உன் போத்தல்களைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பார். கடைசிக் குளத்து லேபிளிலும் ஓடை லேபிளிலும் அந்தப் புள்ளி இருக்கும். இரண்டாம் குளத்தில் இருக்காது. பெற்ற பிள்ளையை ஏமாற்றும்போதுகூட என் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

நீ சேறு கேட்ட நாட்களை நினைத்துப் பார். அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச் முடிந்து வந்ததும் ஒரு போன் வரும். சாப்பிட்டியாம்மா, மருந்து போட்டியாம்மா, சரிம்மா. உலை கொதிக்கும் நேரம்கூட ஆகாது. குறை சொல்லவில்லை, உனக்கு வேலை. ஆனால் உன் அப்பா போன பிறகு இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டில் என் குரலை நானே கேட்பது, சோற்றுப் பானையோடு பேசும்போதுதான். அப்படியிருக்க, ஒரு புதன்கிழமை கூப்பிட்டாய். ஞாயிறு அல்லாத கிழமையில் உன் பெயர் போனில் வந்ததும் என்னவோ ஏதோ என்று அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வந்து எடுத்தேன். "அம்மா, மில் கொளத்துல சேறு வேணும். ஒனக்குத்தான் அங்க எல்லாரையும் தெரியுமே, ஹெல்ப் பண்ணு லா" என்றாய். அதற்குப் பிறகு இரண்டு வாரம் தினமும் கூப்பிட்டாய். கையுறை போட்டுக்கொள், போத்தலின் வாயில் விரல் படக்கூடாது, எடுத்ததும் ஐஸில் வை, இடமும் நேரமும் சூடும் எழுது என்று சொல்லித் தந்தாய். போத்தல் பிடிக்க எனக்கா தெரியாது? தெரியாதவள் மாதிரி கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். "அம்மா, நேத்துதானே சொன்னேன்" என்று நீ சிரிப்பாய். போனை வைக்க மனம் வராமல்தான் கேட்டேன்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் நான் குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் முதியோர் இல்லத்தைப் பற்றி மெதுவாகப் பேச்செடுப்பாய் என்று பயம். சேறு அள்ளப் போன அன்று மில் கேட்டில் காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பாக்சிக், "மாக்சிக், ஹாத்தி-ஹாத்தி, லிச்சின்" என்று, பாதை வழுக்கும், பார்த்துப் போ என்று சொல்லித்தான் உள்ளே விட்டார். இரண்டாம் குளம் வரைக்கும் வேலியைப் பிடித்துக்கொண்டே போனேன். முறைப்படி அள்ளினேன், நீ பார்த்திருந்தால் மெச்சியிருப்பாய். அங்கிருந்து கடைசிக் குளத்துக்குச் சரிவில் இறங்க வேண்டும். பத்தடி வைத்திருப்பேன், முழங்கால் மடங்கிக்கொண்டது. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசிக் குளம் கண்ணுக்கு எதிரில் தெரிகிறது, போக முடியவில்லை. ஓடையோ குன்றுக்கு அந்தப் பக்கம். "முடியலைப்பா" என்று ஒரு வார்த்தை உனக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு ஆளை ஏற்பாடு செய்வாய், உன் போன் திரும்பவும் ஞாயிற்றுக்கிழமைக்கே போய்விடும். முகவையில் சேறு மிச்சம் இருந்தது. ரெண்டாக்கிப் போட்டே பழகிய கை, அன்றைக்கு மூன்றாக்கிவிட்டது.

அதற்குப் பிறகு நீ செய்ததையெல்லாம் ஒரு கதை மாதிரி எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாய். சேற்றைக் கரைத்து, கரைத்ததை மறுபடி கரைத்து, கூழ் ஊற்றி உறைய வைத்த தட்டில் தடவி வைத்தாய். நூறு விதமாக முளைத்ததில் பப்பாளிப் பழ நிறத்தில் ஒரு பொட்டு மட்டும் உன் கண்ணில் பட்டது. அதை ஊசிமுனையால் எடுத்து வேறு தட்டில் இழுத்து, அதிலிருந்து எடுத்து மறுபடி இழுத்து, வேறு எதுவும் கலக்காமல் தனியாக்கினாய். எந்தச் சூட்டில் வளர்கிறது, எவ்வளவு உப்பைத் தாங்குகிறது, எதைத் தின்கிறது என்று பெண் பார்க்கப் போன வீட்டில் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக விசாரித்தாய். அதன் மரபணுவைப் படித்து, உலகத்தில் இதுவரை பெயர் வைத்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தாய். யாரோடும் சேரவில்லை. பெயர் நிலைக்க வேண்டுமென்றால் இரண்டு வேறு நாடுகளில் அதை உயிரோடு ஒப்படைத்து வைக்க வேண்டும், யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றாய். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு உயிரைப் புதுசு என்று சொல்வதற்கு முன்னால் இவ்வளவு கேள்வி கேட்கிறார்களே, இவ்வளவு பத்திரமாக வைக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை போன். "அம்மா! மூனு எடத்துலயும் அதே ஆளுதான்! எஸ்டேட் பூரா குடியிருக்கான் லா! ஒரு எடத்துல கெடச்சாலே புதுசு புதுசுதான், ஆனா மூனு எடம்னா யாரும் வாயத் தெறக்க முடியாது." நீ நிறுத்தவில்லை. "அதிசயம் என்னான்னா, மூனும் எழுத்துக்கு எழுத்து ஒன்னாவே இருக்கும்மா. மழத்தண்ணியில அடிச்சிக்கிட்டுப் போயிருக்கும்னு புரொபசர் சொல்றாரு. அதையும் எழுதப் போறோம்." தம்பி, குளத்துத் தண்ணீர் குன்று ஏறி ஓடைக்கு எப்படிப் போகும்? இந்த ஊரில் பிறந்தவன் நீ, உனக்கு அது தெரியும். என் லேபிளை நம்பி, தெரிந்ததைத் தெரியாததாக்கிக்கொண்டாய். கடைசியாக, "பேரு யாரு பேரு தெரியுமா? ஒன் பேருதான்" என்றாய். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாய்.

சந்தோஷமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய். பக்கத்து வீட்டுச் சரோஜாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள், "கிருமிக்கா ஒன் பேரு வெக்கிறான்? ஒன் மவனுக்கு ஒன் மேல என்னா கோவம்?" என்று கேட்டுவிட்டு, துணி காயப்போட்ட கையோடு நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் சிரிப்பு போய்விட்டது. நாளைக்கு வேறு நாட்டிலிருந்து உன்னை மாதிரி ஒரு பிள்ளை, உன் கட்டுரையை நம்பி அந்த ஓடையில் இறங்கித் தேடுவான். கிடைக்காது. தன் கையில்தான் தப்பு என்று நினைத்து மறுபடி தேடுவான். அவனுடைய அம்மாவை நினைத்துக்கொண்டேன். அப்படியும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேனோ என்னவோ. இதற்கு முன்னால் ஒரு தடவை அப்படித்தான் இருந்தேன்.

அதையும் எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு இனிப்பு நீர் வந்தபோது, விரலில் குத்திப் பார்க்கும் மெஷினும் எழுதி வைக்க ஒரு சின்னப் புத்தகமும் வாங்கினோம். லேப்காரி வீட்டில் இருக்கும்போது வேறு யார் பார்ப்பது என்று பெருமையாக நானே எடுத்துக்கொண்டேன். அவர் லோரி எடுக்கக் கருக்கலில் கிளம்புவார், "வேணாம்டி, வெரலு வலிக்குது, சாயங்காலம் பாத்துக்கலாம் லா" என்று கையை இழுத்துக்கொள்வார். எனக்கும் ஷிப்ட் இருக்கும். அப்படித் தவறிய நாட்களுக்கு, முந்தின நாளையும் அடுத்த நாளையும் பார்த்து நடுவில் ஒரு எண்ணைப் போட்டேன். கிளினிக்கில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லி அதே மருந்தைத் தொடரச் சொன்னார்கள். அவர்கள் என்ன செய்வார்கள், நான் எழுதியதைத்தானே பார்க்க முடியும்? பிறகு கால் விரலில் புண், பிறகு கால், பிறகு அவரே. நான் சரியாக எழுதியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். ஆனால் அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்தபோது நீ சொன்னாயே, "அப்பா வாயக் கட்டியிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாரும்மா" என்று, அதற்கு நான் "ஆமாப்பா" என்றேன். செத்த மனுஷன் மேல் என் தப்பைத் தூக்கி வைத்தேன். நீ இன்று வரைக்கும் அப்பா மேல் ஒரு கோபம் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவர் உன்னை நினைத்து டீயில் சீனி போடுவதையே விட்டவர், தம்பி. அந்தப் புத்தகத்தை இதோடு வைத்து அனுப்புகிறேன். நான் இட்டுக்கட்டிய நாட்களில் எல்லாம் மூலையில் புள்ளி இருக்கிறது. நீயே பார்த்துக்கொள்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் புரொபசரிடம் போய், ஒரே இடத்துச் சேறுதான், எடுத்தவர் லேபிளை மாற்றி எழுதிவிட்டார் என்று சொல். எடுத்தவர் உன் அம்மா என்பதையும் சொல். என்னைக் காப்பாற்ற நீ ஒரு கதை கட்டாதே, இந்த வீட்டில் அந்த வேலையை நான் ஒருத்தி செய்தது போதும். ஒரு குளத்தில் கிடைத்த ஒன்று என்றே எழுதுங்கள். நீயே சொன்னாய், ஒரு இடத்தில் கிடைத்தாலும் புதுசு புதுசுதான் என்று. மற்ற இரண்டு இடத்திலும் பார்க்கவில்லை என்று எழுத வெட்கப்படாதே. நான் உனக்குப் படிப்பு, சாப்பாடு, ஜெபம் என்று எத்தனையோ சொல்லிக்கொடுத்தேன், இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியவில்லை. பார்க்காத மணிக்கு நேரே ஒரு கோடு போட்டுவிடு. இன்ஜினியர் கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும். அப்புறம், அதற்கு என் பெயர் வேண்டாம். லாபு என்று ஊர்ப் பெயரை வை. சரோஜாவிடம் நான் சமாளித்துக்கொள்கிறேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் வர முடிந்தால் வா. நீ சரிவில் இறங்கி அள்ளு, நான் மேலே கரையில் உட்கார்ந்து போத்தலைப் பிடித்துக்கொள்கிறேன், லேபிளை நீ எழுது. கடைசிக் குளத்திலும் ஓடையிலும் அந்த ஆள் இருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் இல்லை. உன்னை வரவழைக்கத்தான் இதைச் சொல்கிறேன் என்று நினைத்தால் அதுவும் உண்மைதான். முடியாவிட்டால் வராதே. ஆனால் விமானத்தைத் தவற விடாதே. போகாதே என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை, நீ போக வேண்டும்.

இப்போது, முதலில் சொன்னபடி, நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதுகிறேன். வலது முழங்கால் படி இறங்க விடுவதில்லை, சர்ச்சுக்குச் சரோஜாவின் மருமகன் காரில்தான் போகிறேன். இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று. சாயங்காலம் ஆனால் டிவியைப் போட்டுவிட்டுச் சமையல்கட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். பார்ப்பதற்கு இல்லை, முன்னறையில் யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கட்டும் என்றுதான். நான் தனியாக இருக்கிறேன், தம்பி. எனக்கு அது பிடிக்கவில்லை. இது ஒன்றும் நீ செய்த குற்றம் இல்லை, ஆனால் உனக்குத் தெரியாமலே நீ ஊர் விட்டுப் போகக்கூடாது.

இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டாய். நானும் ஒரு வாரம் விடாமல் பதில் சொன்னேன். அந்தப் பதில்கள் உனக்கு ஞாபகம் இருந்தால், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக்கொள்.

உன் அம்மா